கேளாமல் எடுத்த முகங்கள்

(அடி அண்ணாமலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உருவப்படக் கலையைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் மாணிக்கவாசகர் கோயிலை ஒட்டிய இந்த ஊரில் அதைப் பேச எனக்குத் தனிக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் மிக அதிகமாகப் படமெடுக்கப்படும் முகங்களில் இந்தப் பாதையில் வாழும் சாதுக்களின் முகங்களும் சேரும். அவர்களைப் பயணி எடுக்கிறார், பத்திரிகையாளர் எடுக்கிறார், கலைஞர் எடுக்கிறார், காவல் துறையும் எடுக்கிறது. எல்லோர் கையிலும் இருப்பது ஒரே கருவிதான். விளையும் படங்கள் ஒன்றல்ல.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகம் என்பது ஒருவர் இன்னொருவருக்குத் தருவது. அதை அவரைக் கேளாமல் எடுத்து, ஒரு பெயரோடும் எண்ணோடும் பிணைத்து, அவர் பார்க்க முடியாத இடத்தில் சேர்த்து வைத்தால், தாம் யார் என்று தாமே சொல்லும் உரிமையை அவர் இழக்கிறார். அந்த இழப்பு எப்படி நேர்ந்தது, கலைஞர்கள் அதை எப்படி எதிர்கொண்டார்கள், நாம் செய்யக்கூடியது என்ன என்பவற்றை இன்று பார்ப்போம்.

கல்லில் எழுதிய முகம்

உருவத்தையும் பெயரையும் சேர்த்துப் பதியும் வழக்கம் இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. செங்கம் வட்டாரம் நடுகற்களின் விளைநிலம். தமிழ்நாடு தொல்லியல் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் 'செங்கம் நடுகற்கள்' நூலை வெளியிட்ட பிறகுதான் அவற்றின் பெருமை பரவலாகத் தெரிந்தது. ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் இறந்தவர்களின் உருவங்கள் அவை. ஆட்சியாண்டு, வீரனின் பெயர், அவன் செய்த செயல் ஆகியவை வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று உண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த அந்தக் கல்லில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்தது என்றும் கல் சொல்கிறது. ஒரு நாய்க்கும் பெயர், உருவம், செயல் மூன்றையும் கொடுத்து நினைவில் நிறுத்திய மண் இது. அந்த உருவத்தை நிறுவியவர்கள் இறந்தவனை அறிந்தவர்கள். எல்லோரும் பார்க்கும்படி நிறுவினார்கள்.

அதே மரபு இன்னோர் இடத்தில் பெயரைச் சொல்லாதே என்கிறது. அகப்பாடலில் காதல் கொண்ட தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. உள்ளத்துக்குரியதைச் சொல்லும்போது ஆள் யாரென்று காட்டக் கூடாது. வீரமும் கொடையும் பெயரோடு வெளியே வரலாம். காதலும் கலக்கமும் பெயரின்றியே வெளியே வர வேண்டும். எதைப் பெயரோடு சொல்வது, எதைப் பெயரின்றிக் காப்பது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் நம் முன்னோர். இன்று நாம் பேசப்போகும் கண்காணிப்புக் கேமராக்களுக்கு அந்தப் பிரிவு தெரியாது. சாமி கும்பிடும் முகமும் களவாடும் முகமும், அழுகிற முகமும் வழி தவறிய முகமும் அவற்றுக்கு ஒரே வகைத் தரவு.

பெயரை விட்டு வந்தவர்

1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையிலிருந்து பதினாறு வயதுச் சிறுவர் ஒருவர் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். அவர் எழுதி வைத்த சீட்டு 'நான்' என்று தொடங்கி, பாதியில் தம்மை 'இது' என்று சுட்டத் தொடங்கி, கையெழுத்து இல்லாமல் முடிந்தது. செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தவர் பேசவில்லை, பெயர் சொல்லவில்லை. பின்னர் குருமூர்த்தம் என்ற இடத்தில் இருந்த காலத்தில், தாலுகா அலுவலகத் தலைமைக் கணக்கராக இருந்த வேங்கடராமையர் பெயரும் ஊரும் தெரியாமல் நகரமாட்டேன் என்று பிடிவாதமாக அமர்ந்தார். கடைசியில் 'வேங்கடராமன், திருச்சுழி' என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்ட வேண்டியதாயிற்று. உலகம் ரமணர் என்று அறிந்தவரின் அடையாளம் இவ்வூரில் முதலில் பதிவானது அப்படித்தான். கேட்டவர் அன்பால் கேட்டார் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் தாமாக விட்டுவிட்ட ஒன்றை ஒருவர் மீண்டும் எடுத்துக்கொள்ளும்படி நேர்ந்தது.

பின்னாளில் ரமணரைப் போல் படமெடுக்கப்பட்ட துறவிகள் சிலரே. ஜி.ஜி. வெல்லிங் எடுத்த படம்தான் இன்று வீடுகளிலும் கடைகளிலும் நாம் காணும் முகம். 1950 ஏப்ரலில் அவர் மறைந்தபோது ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் இங்கே இருந்து இறுதி நாட்களைப் படமாக்கினார். உடல் நானல்ல என்று ஓயாமல் சொன்னவரின் உடல் இத்தனை படங்களில் இருப்பதை முரண் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெல்லிங்கின் படத்தில் அந்தக் கண்கள் பார்ப்பவரை நேரே பார்க்கின்றன. அமர்ந்தவர் அமர இசைந்தார், எடுத்தவர் எதிரில் நின்றார், இருவருக்கும் இடையே ஒளிவு இல்லை. தன்னை இழத்தல் என்ற பெரிய முயற்சியை அந்தப் படம் கெடுக்கவில்லை.

இரு பக்கமும் கேமரா

இன்று இதே பாதையில் தங்கியிருக்கும் சாதுக்களின் நிலை வேறு. அவர்களுடைய கைரேகையையும் படத்தையும் காவல் துறை பதிவுசெய்து அடையாள அட்டை தருவதைப் பற்றிய செய்திகள் கடந்த ஆண்டுகளில் பலமுறை வந்திருக்கின்றன. கார்த்திகைத் தீபத்துக்குப் பல லட்சம் பேர் கூடும்போது, பழைய குற்றவாளிகளைக் கண்டறிய முகமறியும் கேமராக்கள் வைப்பதாகக் காவல் துறையே அறிவிக்கிறது. இதற்குக் காரணமில்லை என்று நான் சொல்லமாட்டேன். காவி உடுத்தி வழக்கிலிருந்து ஒளிவோர் உண்டு. கூட்டத்தில் குழந்தை தொலைந்தால் தாய்க்கு எந்தக் கேமராவும் தெய்வம்தான். துறவி வேடத்தில் ஒற்றர் திரிவதைத் திருவள்ளுவரே ஒற்றாடல் அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். எனவே காவியைக் கண்டு அரசு ஐயுறுவதும் பழையதே.

ஆனால் ஐயத்துக்குரிய ஒருவரைத் தேடுவது ஒன்று. ஐயத்துக்குரியவர் இருக்கலாம் என்பதற்காக எல்லோர் முகத்தையும் சேமிப்பது வேறு. குடும்பம், சாதி, ஊர், பெயர் அனைத்தையும் விட்டு வந்தவரிடம் அவை அனைத்தையும் மீண்டும் கேட்டு ஓர் அட்டையில் ஒட்டும்போது, அவருடைய துறவு அரசின் பார்வையில் வெறும் முகவரியின்மை ஆகிவிடுகிறது.

மறுபக்கத்தில் நம் புகைப்படக்காரர்கள். நீண்ட லென்ஸோடு சாலைக்கு அப்பாலிருந்து ஜடாமுடியையும் திருநீற்றையும் எடுத்து, 'இந்தியத் துறவி' என்று எழுதிப் போட்டிக்கு அனுப்புகிறோம். காவல் துறை முகத்தோடு பெயரையும் எடுக்கிறது. நாம் பெயரை விட்டுவிட்டு முகத்தை மட்டும் எடுக்கிறோம். இரண்டிலும் அந்த மனிதரின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. விதிவிலக்குகளும் இங்கேயே உண்டு. இவ்வூரில் குடியேறிய ஒளிப்படக் கலைஞர் அபுல் கலாம் ஆசாத் முன்னெடுத்த 'பிராஜெக்ட் 365' திருவண்ணாமலையின் அன்றாட வாழ்வைப் பொது ஆவணமாகத் திரட்டியது. ஓர் ஊரோடு நீண்ட நாள் பழகி எடுப்பதற்கும் வழிப்போக்கில் சுட்டுச் செல்வதற்கும் உள்ள வேறுபாட்டை அத்தகைய முயற்சிகள் காட்டுகின்றன.

அளவுகோல் பிடித்த கேமரா

முகத்தை அளந்து ஆளை வகைப்படுத்தும் வழக்கம் காலனி ஆட்சியில் வேரூன்றியது. 1869இல் ஜான் லாம்ப்ரே என்பவர் ஒரு மரச்சட்டத்தில் இரண்டு அங்குலச் சதுரங்களாகப் பட்டு நூல் கட்டி, அதன் முன் மனிதர்களை ஆடையின்றி நிறுத்திப் படமெடுக்கும் முறையை வகுத்தார். சென்னையில் அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885இல் பொறுப்பேற்ற எட்கர் தர்ஸ்டன், தலையின் நீள அகலத்தையும் மூக்கின் அகலத்தையும் கருவிகளால் அளந்தார். க. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாக அவர் வெளியிட்ட நூலில் தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் படங்களோடு அடுக்கப்பட்டனர். அந்தப் படங்களில் பலருக்குப் பெயர் இல்லை. 'ஒரு தோடர்', 'ஒரு குறவர்' என்று குலத்தின் மாதிரியாக மட்டுமே நிற்கிறார்கள்.

அறிவியல் என்ற பெயரில் நடந்தது சட்டமாகவும் வந்தது. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. பிறப்பாலேயே ஒரு சமூகத்தைக் குற்றவாளி என்று பதிந்த சட்டம் அது. ஆண்கள் காவல் நிலையத்தில் கைரேகை வைக்க வேண்டும், இரவில் கண்காணிப்பில் இருக்க வேண்டும். மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மறுத்த பிறமலைக் கள்ளர் மீது காவல் துறை சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் மாண்டதாக ஊர் நினைவு கூர்கிறது. தம் உடலின் அடையாளத்தைத் தரமாட்டோம் என்று சொல்லி உயிர் கொடுத்தவர்கள் அவர்கள். அந்தரங்க உரிமை மேல்தட்டு மக்களின் கவலை என்று யாராவது சொன்னால் பெருங்காமநல்லூரைக் காட்டுங்கள்.

அதே 1920இல்தான் கைதிகளின் ரேகையையும் படத்தையும் எடுக்க அதிகாரம் தந்த கைதிகள் அடையாளச் சட்டம் வந்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, 2022இன் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. விரல், உள்ளங்கை, பாதம் ஆகியவற்றின் பதிவுகளோடு கருவிழி, விழித்திரைப் பதிவுகளும் இப்போது அதில் அடங்கும். அவற்றை 75 ஆண்டுகள் வரை வைத்திருக்கலாம். ஒரு மனிதரின் ஆயுள் அளவுக்கு ஒரு பதிவு வாழும்.

எதிர்த்துப் பார்க்கும் படங்கள்

கலைஞர்கள் இதைக் கண்டும் காணாமல் இருக்கவில்லை. பெங்களூரைச் சேர்ந்த புஷ்பமாலா என்., கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை 'நேட்டிவ் விமன் ஆஃப் சவுத் இந்தியா' என்ற படத்தொடரை உருவாக்கினார். தென்னிந்தியப் பெண்ணைப் பற்றி நம் மனத்தில் படிந்த உருவங்களில் தாமே வேடமிட்டு நின்றார். ரவிவர்மாவின் பெண்ணாகவும் வேளாங்கண்ணி மாதாவாகவும் வந்தவர், கட்டம் போட்ட திரையின் முன் அளவுகோல்களோடு நிறுத்தப்பட்ட பழங்குடிப் பெண்ணாகவும் நின்றார். செய்தித்தாளில் வந்த படத்தைப் பின்பற்றி, காவல் நிலையப் பலகை ஏந்திய குற்றவாளிப் பெண்ணாகவும் நின்றார். ஒரே பெண் இத்தனை வகைகளுக்கும் பொருந்திவிடுகிறார் என்றால், அந்த வகைப்பாடு அவரைப் பற்றி நமக்கு எதையும் சொல்லவில்லை. அளவுகோல் பிடித்த கை மட்டுமே அங்கே தெரிகிறது. இந்திய உருவப்படக் கலையில் கண்காணிப்பைப் பற்றி எழுந்த மிகக் கூர்மையான விமரிசனம் இதுவென்று நான் கருதுகிறேன்.

பிரெஞ்சுப் படையில் கட்டாயச் சேவையில் இருந்த மார்க் கரான்ஜே, 1960இல் அல்ஜீரியாவில் அடையாள அட்டைக்காகச் சுமார் இரண்டாயிரம் பேரைப் படமெடுக்குமாறு பணிக்கப்பட்டார். பெண்கள் முகத்திரையை நீக்கியே அமர வேண்டும் என்பது படையின் கட்டளை. அந்தப் பெண்கள் கேமராவைப் பார்த்த பார்வையில் இருக்கும் சினத்தைக் காண எவருக்கும் விளக்கம் வேண்டாம். அடையாள அட்டைக்கு எடுத்த படங்கள், பின்னர் 1982இல் நூலானபோது, ஆட்சிக்கு எதிரான சாட்சியங்களாயின. எடுத்தவரின் நோக்கத்தைத் தாண்டி அமர்ந்தவரின் பார்வை பேசும் என்பதற்கு அவை சான்று.

கௌரி கில் வேறு வழியில் போனார். மகாராஷ்டிரத்தின் ஜவ்ஹாரில் காகிதக் கூழ் முகமூடி செய்யும் ஆதிவாசிக் கலைஞர்களோடு சேர்ந்து 2015 முதல் 'ஆக்ட்ஸ் ஆஃப் அப்பியரன்ஸ்' தொடரை எடுத்துவருகிறார். மருத்துவமனையிலும் கடையிலும் வீட்டிலும் அவர்கள் தாம் செய்த முகமூடியோடு அமர்ந்திருக்கிறார்கள். எந்த முகமறியும் இயந்திரமும் அந்தப் படங்களிலிருந்து ஒருவரைப் பிடிக்க முடியாது. ஆயினும் ஒவ்வொருவரும் எப்படி உட்கார்கிறார், கையை எங்கே வைக்கிறார் என்பதில் அவரவர் இருக்கிறார். முகத்தைக் காட்டாமலும் ஒருவரின் உருவப்படத்தை எடுக்கலாம் என்பதை நம் மாணவர்கள் அங்கே கற்கலாம்.

தலையாட்டியும் இயந்திரமும்

ஈழத்துத் தமிழருக்கு முகமறிதல் என்பது கணினி வருமுன்னரே தெரிந்த கொடுமை. சுற்றிவளைப்பின்போது படையினர் ஊராரை வரிசையில் நிறுத்துவார்கள். முகத்தை முழுதாக மூடிய ஒருவர் எதிரே அமர்ந்திருப்பார். கண்ணுக்கு மட்டும் துளை. அவர் தலையை அசைத்தால் அந்த ஆள் வண்டியில் ஏற்றப்படுவார். அவரை மக்கள் தலையாட்டி என்றார்கள். ஏன் அசைத்தார் என்று கேட்க முடியாது, அவர் யார் என்றும் தெரியாது. போர் முடிந்த பின்னும் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் படைகள் வீட்டாரைப் படத்தோடு பதிவுசெய்தன. 2011இல் அதை எதிர்த்துத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினர் இலங்கை உச்ச நீதிமன்றம் சென்றனர்.

முகமறியும் மென்பொருள் செய்வதும் அடிப்படையில் தலையாட்டியின் வேலையே. கேமராவில் விழும் முகத்தைப் பிரித்தெடுத்து, அதைச் சில நூறு எண்களின் வரிசையாக மாற்றுகிறது. அந்த வரிசையைச் சேமிப்பிலுள்ள வரிசைகளோடு ஒப்பிட்டு, எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மதிப்பெண் தருகிறது. எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் 'இவரே அவர்' என்று கொள்வது என்பதை மனிதர்தான் முடிவுசெய்கிறார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 2022இல் டெல்லி காவல் துறை தந்த பதில், எண்பது விழுக்காட்டுக்கு மேல் ஒத்திருந்தால் பொருத்தமாகக் கொள்வதாகச் சொன்னது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஆயிரத்தில் ஒரு முகத்தை மட்டுமே தவறாகப் பொருத்தும் கருவி என்று வைத்துக்கொள்வோம். தீபத்தன்று அதன் முன் பத்து லட்சம் பேர் கடந்தால், குற்றமற்ற ஆயிரம் பேருக்கு அது தலையசைக்கும்.

பிழை எல்லோர் மீதும் சமமாக விழுவதும் இல்லை. ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தைப் பார்த்துப் பாலினம் சொல்லும் வணிக மென்பொருள்கள் வெளிர்நிற ஆண்களில் அதிகபட்சம் 0.8 விழுக்காடே தவறின. கருநிறப் பெண்களில் 34.7 விழுக்காடு வரை தவறின. நம் தாய்மார்களின் நிறத்தை நினைத்துக்கொண்டு அந்த எண்ணைப் பாருங்கள்.

தமிழ்நாடு காவல் துறை தன் முகமறியும் மென்பொருளை 2021 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2024 மே மாதம் அந்தத் தளத்துக்குள் வெளியார் புகுந்து தகவலை எடுத்த செய்தி வெளியானது. சேர்த்து வைப்பதன் ஆபத்து இதுதான். கடவுச்சொல் திருடு போனால் மாற்றலாம். முகம் திருடு போனால் மாற்று முகம் இல்லை.

காவல் துறையோடு இது நிற்கவும் இல்லை. நூறு நாள் வேலையில் வேலைத்தளத்திலேயே நாளுக்கு இருமுறை செயலியில் படமெடுத்து ஏற்றுவது 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. மண்வெட்டி பிடித்த பெண்கள் வெயிலில் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட அந்தப் படங்கள், எண்ணிக்கையில் பார்த்தால், நம் நாட்டுக் கிராமப்புற உழைப்பாளிகளைப் பற்றிய மிகப் பெரிய உருவப்படத் தொகுப்பாக இருக்கும். அதிலிருந்து ஒரு படத்தையாவது அவர்களில் யாரேனும் வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்களா? முன்னாளில் ஸ்டூடியோவுக்குப் போனவர் நல்ல புடவை உடுத்தி, பூ வைத்து, பின்திரையைத் தாமே தேர்ந்து, தாம் எப்படி நினைக்கப்பட வேண்டும் என்பதைப் படத்தில் எழுதினார். இந்தப் படத்தில் அவர் வருகைப் பதிவேட்டின் ஒரு குறி.

ஒற்றனைச் சோதிக்கும் அறம்

திருவள்ளுவர் ஒற்றாடலை மறுக்கவில்லை. அரசுக்கு அது வேண்டும் என்றே சொன்னார். ஆனால் ஓர் ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சோதிக்க வேண்டும், ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல் ஒத்தால்தான் நம்ப வேண்டும் என்று கட்டுப்பாடும் வைத்தார். இயந்திரத்தின் ஒற்றைச் சொல்லை நம்பி ஒருவர் தோளில் கைவைப்பது அந்த அறத்துக்கு எதிரானது. நம் காலச் சட்டமும் அதே திசையில் நிற்கிறது. ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றனர். அதைக் குறைக்க வேண்டுமானால் சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், தேவைக்கு மீறாத அளவு வேண்டும். ஐதராபாத்தில் ஊரடங்கின்போது தெருவில் நிறுத்தப்பட்டு, முகக்கவசத்தை நீக்கச் சொல்லிப் படமெடுக்கப்பட்ட சமூகச் செயற்பாட்டாளர் எஸ்.கியூ. மசூத், இந்த அளவுகோலை வைத்தே தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருக்கிறார்.

ஆகவே இந்த அவையில் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். முகமறியும் கேமரா இருக்கும் இடத்தில், அது இருக்கிறது என்றும் யார் பொறுப்பு என்றும் தமிழில் பலகை வேண்டும். திருவிழாவில் சேர்ந்த முகங்களை, வழக்குக்குத் தேவைப்படுபவை தவிர, குறித்த நாளுக்குள் அழிக்க வேண்டும். அழித்ததை வெளியே அறிவிக்க வேண்டும். மென்பொருளின் பொருத்தம் மட்டுமே கைதுக்குக் காரணமாகக் கூடாது. சாதுக்களின் பதிவு அவர்கள் விரும்பினால் மட்டுமே நடக்க வேண்டும். அதற்கு ரசீது வேண்டும். வேண்டாம் என்றால் நீக்கிக்கொள்ளும் வழியும் வேண்டும்.

புகைப்படக் கலை பயில்வோருக்குச் சொல்வது இன்னும் கண்டிப்பானது, ஏனெனில் அது நம் கையில் இருக்கிறது. கேளுங்கள். மறுத்தால் கேமராவை இறக்குங்கள். எடுத்ததைக் காட்டுங்கள். அச்சிட்டு ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். பெயர் போடுவதா விடுவதா என்பதை அவரிடம் விடுங்கள். குழந்தையின் முகத்தை இணையத்தில் ஏற்றும் முன், அது எந்தச் சேமிப்பில் போய்ச் சேரும் என்று நினையுங்கள்.

இந்த அறக்கட்டளைக்கும் ஒரு விண்ணப்பம். அடி அண்ணாமலை மக்களின் உருவப்படத் தொகுப்பு ஒன்றைத் தொடங்குங்கள். பூக்கட்டுபவர், இளநீர் விற்பவர், நூறு நாள் வேலைக்குப் போன தாய்மார், சாதுக்கள் எனத் தாமே முன்வருவோர் அனைவருக்கும் அதில் இடம் வேண்டும். நேரே பார்ப்பதா, திரும்பி நிற்பதா, கைகளை மட்டும் காட்டுவதா, எந்தப் பெயரால் அறியப்படுவது, பெயரே இல்லாமல் இருப்பதா என்று ஒவ்வொருவரும் தாமே தீர்மானிக்கட்டும். முதல் பிரதி அவருக்கு. எப்போது கேட்டாலும் தொகுப்பிலிருந்து நீக்கும் உரிமையும் அவருக்கு. இப்படி ஒரு தொகுப்பை ஓர் ஊர் செய்து காட்டினால், மக்களின் முகங்களை வைத்திருப்பவர்கள் நடந்துகொள்ள வேண்டிய முறை இது என்று அரசிடமும் நிறுவனங்களிடமும் நாம் சான்றோடு வாதிட முடியும். இந்தப் பணிக்கு என் உழைப்பையும் தர ஆயத்தமாக இருக்கிறேன்.